பின் டயரில் இறங்கிய கண்ணாடி

டிராக்டரின் பின் டயரிலிருந்து தண்ணீர் பீச்சி அடித்தபோது, ஏதோ ஓஸ் அறுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இடது பக்கப் பெரிய டயரில், மண்ணை ஒட்டிய இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது.

உழவு வண்டிகளின் பின் டயர் டியூபில் காற்றோடு தண்ணீரும் நிரப்புவது எங்கள் பக்கம் வழக்கம். வண்டிக்குக் கனம் ஏறும், சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடிக்கும். அவ்வளவு தண்ணீரும் என் கண் முன்னாலேயே செம்மண்ணில் ஓடிச் சேறாகிக்கொண்டிருந்தது. என்ன குத்தியது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. டயரின் மேல் கட்டை கட்டையாக நிற்கும் பட்டன்களுக்கு நடுவே, பீர் பாட்டிலின் அடிப்பாகம் ஒன்று, பல் பல்லாக உடைந்த விளிம்போடு செருகிக்கொண்டு நின்றது.

எங்கள் நிலம் அதியமான்கோட்டையைத் தாண்டி, பெரிய ரோட்டை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டோரம் இருக்கிறது. ரோட்டோர நிலமா, கொடுத்து வைத்தவள் என்கிறார்கள் எல்லோரும். நான் கொடுத்து வைத்தது என்னவென்றால், நிலத்தின் மூலையில் நிற்கும் ஒரு புங்கமரமும், அதன் நிழலைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டத் தோன்றுகிற குடிகாரர்களும்தான். குடிப்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்தால்தான் அவர்களுக்குக் குடித்த திருப்தி வருகிறது. போன வருடம் களை வெட்ட வந்த ஓர் அக்காவுக்கு உள்ளங்கால் கிழிந்து தையல் போட வேண்டி வந்தது. அதிலிருந்து நான் உழவுக்கு முன்னால் அந்த மூலையை ஒருமுறை சுற்றிச் சில்லுகளைப் பொறுக்காமல் வண்டியை இறக்குவதில்லை. இந்தமுறையும் பத்து நாளைக்கு முன்பு பொறுக்கியிருந்தேன். அதற்குப் பிறகு யாரோ வந்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

ஆடி மழை தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக முந்தின நாள்தான் பெய்திருந்தது. விதைக்கடலை உடைத்து வீட்டில் தயாராக இருந்தது. எங்கள் மேட்டுக்காட்டில் ஈரம் அதிக நாள் தங்காது. இரண்டு வெயில் அடித்தால் மண் பழையபடி இறுகிவிடும். அந்த ஈரத்தின் மேல் நின்றுகொண்டுதான் பஞ்சர் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ரோட்டோரம் கடை வைத்திருக்கும் இளவயதுக்காரர். எங்கள் டிராக்டரும் டிரெய்லரும் அவர் கடைக்குப் புதிதல்ல.

"அக்கா, பின் டயருங்களா? வண்டி எங்க நிக்குது?"

"காட்டுலதான். உழுதுக்கிட்டு இருக்கும்போது கிழிச்சிடுச்சு. தண்ணி பூரா எறங்குது."

"ஈரக்காட்டுல ஜாக்கி நிக்காதுங்க. ரோட்டுக்கு எடுத்தாந்துடுங்க, பாத்துக்கலாம்."

"காத்து எறங்குன டயரை எப்படிங்க ரோட்டுக்கு எடுத்தாறது? ரிம்மு தின்னுடாதா டயரை?"

அதற்கு அவர் சொன்னார். "அக்கா, வூட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்களேன். வெவரமாச் சொல்றேன்."

நான் டிராக்டர் ஓட்ட ஆரம்பித்துப் பல வருடமாகிறது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர நாளாகும். நிலத்தை யார் உழுவது என்று கேள்வி வந்தபோது நானே ஏறி உட்கார்ந்தேன். எங்கள் நிலம் போக, அக்கம்பக்கத்துக் காடுகளுக்கும் வாடகைக்கு உழுகிறேன். அந்தப் பஞ்சர் கடை வாசலில் டிராக்டரைக் கொண்டுபோய் நிறுத்தியவள் ஒவ்வொரு தடவையும் நான்தான். அப்போதெல்லாம் விவரம் கேட்க ஆம்பளை தேவைப்படவில்லை. நான் போனை வைத்தேன். வைத்த பிறகு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்து வீட்டுக்காரருக்குப் போன். அவர் நாக்பூர் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். டயர் கிழிந்ததைச் சொன்னேன்.

"எங்க, புங்கமரத்துக்கிட்டயா?" என்றார்.

"ஆமாங்க. பாட்டிலு."

"சரி, அப்படியே உடு. வாரக் கடைசியில நான் வந்து பாத்துக்கறேன்."

"வாரக் கடைசி வரைக்கும் ஈரம் நிக்குமா?"

"எதுக்கு இவ்ளோ அவசரப்படற? பொம்பளைங்க செய்யற வேலையில்ல அது. டயரு மேல உழுந்தா எலும்பு தேறாது."

அதோடு சிக்னல் போய்விட்டது. போகவில்லை, அவர்தான் வைத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அரைமணி நேரத்துக்குள் இரண்டு ஆண்கள் என் வயிற்றில் தீ வைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன். லாரிக்காரர் வீடு என்பதால் எங்களிடம் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. டயர் கழற்றும் லிவர் கம்பிகள், சம்மட்டி, ஜாக்கி, ஒட்டுப் போடும் ரப்பர், சொல்யூஷன் டப்பா எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் கிடந்தன. பக்கத்து வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள், வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணத்துக்கு முன்னால் பல வருடம் பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை செய்தவள். நான் சாமான்களை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கண்ணி, யாரை அடிக்கப் போறீங்க?"

"டயரை. வரியா?"

அவள் அந்த நிமிடமே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சம்மட்டியைத் தோளில் வைத்தாள். அதற்காக அவளை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

பஞ்சர் கடைக்காரர் சொன்னதில் ஒரு விஷயம் உண்மைதான். ஈரக்காட்டில் ஜாக்கி நிற்காது. அதிலும் டயரிலிருந்து இறங்கிய தண்ணீரில் சக்கரத்தைச் சுற்றிச் சேறு. வண்டியை மெல்ல நகர்த்திக் கொஞ்சம் காய்ந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன். கலப்பையை மண்ணில் இறக்கி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். அச்சுக்கடியில் ஜாக்கியை வைத்து ஏற்றினால், வண்டி மேலே போகாமல் ஜாக்கி கீழே போனது. நாத்தனார் வீட்டுக்கு ஓடி, பழைய கதவுப் பலகை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். அதைப் போட்டு அதன் மேல் ஜாக்கியை வைத்தோம். இந்தமுறை சக்கரம் மண்ணை விட்டு எழும்பியது. உடனே, உடைந்து கிடந்த வேலிக்கற்களை எடுத்து அச்சுக்கடியில் அடுக்கினோம். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி கல்லில்தான் உட்கார வேண்டும், எங்கள் மேல் இல்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் கோபத்தைத் தள்ளி வைத்து, இரண்டு முறை வண்டியை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

சக்கரம் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். டயரின் வெளிப்பக்க விளிம்பை மட்டும் ரிம்மை விட்டு வெளியே எடுத்துவிட்டால், உள்ளேயிருந்து டியூபை உருவிவிடலாம். கடையில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததும் செய்வதும் ஒன்றில்லை என்பதால் நாத்தனார் தன் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தாள். கன்னடத்தில் ஒரு ஆள் வயலில் உட்கார்ந்து இதே அளவு டயரைக் கழற்றுகிறார். அவர் பேசப் பேச இவள் தமிழில் சொன்னாள்.

"வால்வுக்குள்ள இருக்கற பின்னை எடுக்கச் சொல்றாரு. சக்கரத்தைச் சுத்தி வால்வைக் கீழ கொண்டாந்து, மிச்சத் தண்ணியை வடிக்கணுமாம்."

வடித்தோம்.

"இப்ப டயரு வெளிம்பை ரிம்மை உட்டு உள்ள தள்ளணுமாம். சோப்புத் தண்ணி ஊத்திக்கிட்டு."

ஊற்றினோம். தள்ளினோம். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. எத்தனையோ வருடமாக ரிம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்த டயர் அது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே தட்டையான இரும்பு ஒன்றை நாத்தனார் பிடித்துக்கொள்ள, நான் சம்மட்டியால் அடித்தேன். வீடியோவில் அந்த ஆள் "நிதானா, நிதானா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"மெதுவா அடிக்கச் சொல்றாருங்கண்ணி."

"அந்தாளை வாயை மூடச் சொல்லு."

நிதானமாக அடிக்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு வந்தது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து குடித்தவன் எவனாக இருந்தாலும், அவன் கை விளங்காமல் போகட்டும். பாட்டிலைப் பிடித்த விரல் அழுகட்டும். அவன் வீட்டுத் தண்ணீர்க்குடம் முழுக்கக் கண்ணாடி விழட்டும். அவனுடைய காரும் பைக்கும் நடுரோட்டில் நிற்கட்டும், உதவிக்கு ஒரு நாய்கூட வரக்கூடாது. இப்படியே போனேன். எனக்கே தெரியாத வார்த்தைகளெல்லாம் வந்தன. சுற்றிச் சுற்றி அடித்ததில் விளிம்பு ஓரிடத்தில் சட்டென்று விட்டுக்கொடுத்து உள்ளே போனது. அதற்கப்புறம் லிவர் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, நெம்பி நெம்பி, விளிம்பை ரிம்முக்கு வெளியே எடுத்தோம். ஒருமுறை கம்பி துள்ளி என் தாடையை உரசிக்கொண்டு போனது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் பல் போயிருக்கும். அதையும் அந்தக் குடிகாரன் கணக்கில் எழுதினேன்.

"இவனையெல்லாம் பெத்தவ வயித்துல..." என்று ஆரம்பித்தபோது, நாத்தனார் கம்பியைக் கீழே போட்டாள்.

"அண்ணி, போதும். எங்கம்மாவை எதுக்கு இழுக்கறீங்க?"

எனக்குப் புரியவில்லை. "உங்கம்மாவை யாரு இழுத்தா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "போன வாரம் அங்க ஒக்காந்து குடிச்சது எங்கண்ணன்தான். கூட்டாளிங்களோட. ஆடு மாட்டைப் புடிக்க இந்தப் பக்கம் வந்தப்ப என் கண்ணால பாத்தேன். அண்ணிகிட்டச் சொல்லாத, மோட்டாரு பாக்க வந்தேன்னு சொல்லியிருக்கேன்னு சொன்னாரு."

சம்மட்டி என் கையிலேயே இருந்தது. போனில் "எங்க, புங்கமரத்துக்கிட்டயா?" என்று அவர் கேட்டது அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. நான் இடத்தைச் சொல்வதற்கு முன்பே கேட்டிருந்தார். போன வாரம் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தபோது, மாட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற கிணற்று மோட்டார் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று சாயங்காலம் கிளம்பிப் போனதும் ஞாபகம் வந்தது. இருட்டிய பிறகுதான் திரும்பினார். மோட்டார் சரியாகிவிட்டதா என்று கேட்டதற்கு, ஆகிவிட்டது என்றார். நானும் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன், வந்த களைப்போடு காட்டு வேலையும் பார்க்கிறாரே என்று.

"இவ்ளோ நேரம் நான் கத்தறதைக் கேட்டுக்கிட்டு நீயும் கம்பி புடிச்சியே" என்றேன்.

"சொன்னா உங்க ரெண்டு பேருக்கும் சண்ட வரும்னுதான்..."

"இப்ப வராதா?"

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரென்று தெரியாதவனைத் திட்டும்போது வாய் நிறைய வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை. தெரியாதவனைத் திட்டுவது எவ்வளவு சுலபம். அவன் வீட்டுக்கு நான் சோறு போடப் போவதில்லை. அவன் தூங்குகிற பாயில் நான் படுக்கப் போவதில்லை.

டயர் பாதி திறந்து கிடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "கண்ணைத் தொடச்சிக்க. டியூபை இழு" என்றேன்.

வால்வை உள்ளே தள்ளி, டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி வெளியே எடுத்தோம். ஈரத்தில் அது பெரிய மலைப்பாம்பு மாதிரி வழுக்கி வழுக்கிப் போனது. டயருக்குள் பழைய துணியை விட்டுச் சுற்றிலும் துடைத்தேன். உள்ளே சில்லு ஒட்டியிருந்தால் துணி மாட்டும், கை தப்பிக்கும். மூன்று இடத்தில் மாட்டியது. கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாகப் பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டினேன். இல்லாவிட்டால் காற்று அடித்ததும் டியூப் அந்தக் கிழிசல் வழியாகப் பிதுங்கும். டியூபின் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை காத்திருந்து, ரப்பர் ஒட்டை வைத்துத் தட்டினேன். காயும்வரை காத்திருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கை சும்மா இருந்தால் புங்கமரம் கண்ணில் பட்டது.

நாத்தனார் தன் வீட்டிலிருந்து முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, டியூப் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது முழுவதும் கொட்டித் தடவினாள். காடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

டியூபை உள்ளே வைத்து, விளிம்பை மறுபடி ரிம்முக்குள் ஏற்றினோம். ஏற்றுவது கழற்றுவதைவிடச் சுலபம் என்று நினைத்து வேகமாக நெம்பினேன். லாரிக்கு உதவும் என்று வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கிய சின்னக் காற்று பம்பு ஒன்று வீட்டில் இருந்தது. லாரி டயருக்கு அது கொசு மாதிரி. ஆனால் டிராக்டர் பின் டயருக்குத் தேவையான காற்றழுத்தம் குறைவு என்பதால் போதும். டிராக்டர் பேட்டரியில் வயரை மாட்டி ஓடவிட்டோம். அது கத்திக்கொண்டே கிடந்தது. டயர் எழுந்து நிற்க ஆரம்பித்து, பிறகு நின்றுபோய், பிறகு மெல்ல இறங்கியது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே உஸ்ஸென்று சத்தம். என் லிவர் கம்பிதான். நெம்பிய வேகத்தில் டியூபை ரிம்மோடு சேர்த்துக் கடித்துப் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தது.

அப்போதுதான் நான் கத்தினேன். வார்த்தையே இல்லாத கத்தல். சர்வீஸ் ரோட்டில் போன பைக்காரர் ஒருவர் நிறுத்தி, "என்னங்கக்கா, பாம்பா?" என்று கேட்டார். "போய்யா அந்தப் பக்கம்" என்றேன். பாவம், அவர் என்ன செய்தார்.

நாத்தனார்தான் மறுபடியும் முதல் ஆளாகக் கம்பியைக் கையில் எடுத்தாள். திரும்பக் கழற்றினோம். திரும்ப உருவினோம், தேய்த்தோம், ஒட்டினோம். இந்தமுறை உள்ளே கையை விட்டு டியூப் கடிபடாமல் தள்ளித் தள்ளி ஏற்றினோம். அந்தக் கன்னடத்து ஆள் சொன்ன நிதானம் அப்போதுதான் எனக்கு வந்தது. கோபம் குறைந்ததால் வரவில்லை, கையில் தெம்பு குறைந்ததால் வந்தது. பம்பு கத்தி முடித்தபோது டயரின் விளிம்பு இரண்டு பக்கமும் டொப்பென்று ரிம்மில் உட்கார்ந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். எங்கேயும் நுரை கிளம்பவில்லை. தண்ணீர் நிரப்பப் பொழுதில்லை. காற்றோடு மட்டும் வண்டியைக் கிளப்பி, வெயில் சாய்வதற்குள் மிச்சக் காட்டை உழுது முடித்தேன். அடுத்த நாள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கடலை போட்டோம்.

சொன்ன மாதிரியே வாரக் கடைசியில் வீட்டுக்காரர் வந்தார். வந்ததும் வராததுமாக டிராக்டர் நிற்கிற இடத்துக்குப் போய் டயரைத் தட்டிப் பார்த்தார். "பரவால்லையே, ரெண்டு பேரும் நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார். மறுநாள் காலையில் காபி குடிக்க உட்கார்ந்தபோது, டயரிலிருந்து பிடுங்கி வைத்திருந்த அந்தப் பாட்டில் அடியை டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"இது உங்களுதுங்களா?"

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பெயர் ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல. "எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோட்டுல போறவன் எவனாச்சும் போட்டிருப்பான்."

"நீங்க குடிச்ச பாட்டிலை என்ன பண்ணீங்க?"

தங்கை சொல்லிவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு முறை பக்கத்து வீட்டுப் பக்கம் பார்த்தார். "மரத்தடியில ஓரமாத்தான் வெச்சோம்."

"ஓரமா வெச்ச பாட்டிலு எப்படிங்க ஒடஞ்சுது?"

"அது... பசங்க வெளாட்டுக்குக் கல்லுல அடிச்சாங்க."

"பசங்களா? அதுல ஒருத்தருக்குப் போன மாசம் பேரன் பொறந்தான். பேரு வெக்கறதுக்கு நாம போயி சாப்ட்டுட்டு வந்தோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கோபம் என் கண்ணை மறைத்தது. அவ்வளவு நேரமும் என் வாயிலிருந்து 'ங்க' போகவேயில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கை ஓயச் சம்மட்டி அடித்து, தாடையைக் காயப்படுத்திக்கொண்டு, சேற்றில் கிடந்து டயரை மாட்டிவிட்டு வந்தும், மரியாதை கொடுப்பது நானாகவே இருந்தேன்.

"நீ அடிச்சியா?" என்றேன்.

கல்யாணமானதிலிருந்து முதல்முறை. அவர் காபியைக் கீழே வைத்தார். டயர் கிழிந்தது, காட்டில் கண்ணாடி கிடந்தது, பொய் சொன்னது, இதில் எதற்கும் மாறாத முகம் அந்த ஒரு 'நீ'க்கு மாறியது.

"புருசனை நீங்கற அளவுக்கு வந்துட்டியா?"

"ஆமா, வந்துட்டேன். அடிச்சியா இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த ஒன்றுதானா டயரில் இறங்கியது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அவருடைய நிலம், அவருடைய பெண்டாட்டி ஓட்டுகிற வண்டி, அவருடைய தங்கை வெறுங்காலோடு ஆடு மேய்க்கிற இடம். இதெல்லாம் தெரிந்த கைதான் பாட்டிலை ஓங்கிக் கல்லில் அடித்திருக்கிறது. ஊர் பேர் தெரியாதவன் அடித்திருந்தால், அவனுக்குத் தெரியவில்லை என்று என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

அவருடைய கூட்டாளிகள் மூன்று பேருக்கும் பக்கத்தில்தான் நிலம். மூன்று பேர் காட்டுக்கும் உழவு ஓட்டுகிற வண்டி என்னுடையதுதான். மழை இன்னொரு முறை பெய்திருந்தது. அன்று காலையிலிருந்தே எப்போது வருவீர்கள் என்று போன் வந்துகொண்டிருந்தது. நான் அவர் முன்னாலேயே ஒவ்வொருவருக்கும் போன் செய்து ஒரே விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க காட்டு மூலையில ஒரு சில்லு இல்லாமப் பொறுக்குங்க. அப்புறம் வண்டி வரும்."

"அண்ணி, நாங்க என்ன பண்ணோம்?" என்றார் பேரன் எடுத்தவர்.

"உங்க கூட்டாளி பக்கத்துல ஒக்காந்திருக்காரு, அவரைக் கேளுங்க" என்று போனை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் போனை வாங்கி, "வாங்கடா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் நான்கு பேரும் சாக்கோடு காட்டில் குனிந்து நின்றார்கள். ரோட்டில் பஸ்ஸுக்குப் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். முதலில் கேலியும் சிரிப்புமாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏறச் சிரிப்பு நின்றது. நான் ஏற்கெனவே உழுதுவிட்டதால் பாதிச் சில்லு மண்ணுக்குள் போய்விட்டிருந்தது. விரலால் கிளறித்தான் எடுக்க வேண்டும்.

"அண்ணி, நாங்க போட்டது கொஞ்சம்தான். இங்க ஊரே குடிச்ச சில்லு கெடக்குது" என்றார் ஒருவர்.

"ஊர்ல யாரு யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். கூப்புடுங்க, பங்கு போட்டுப் பொறுக்கலாம்."

யாரையும் கூப்பிடவில்லை. மத்தியானம் வரை பொறுக்கினார்கள். ஒருவருக்கு விரல் கிழிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டேன். கட்டும்போது எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சாயங்காலம் அந்த விரல் கிழிந்தவர் காட்டுக்கே முதலில் வண்டியை ஓட்டினேன். சொன்ன சொல் அது.

நாத்தனாரோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். அண்ணனைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாள் என்ற கோபம். ஒருநாள் டிரெய்லர் டயர் பஞ்சரானது. நான் கூப்பிடவில்லை. அவளாகவே கம்பியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கழற்றிப் பார்த்தால் உள்ளே நீளமாக ஒரு வேலிமுள். "நல்லவேளை, முள்ளு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முள்ளின் மேல் எப்படிக் கோபப்படுவது. அன்றிலிருந்து பேசிக்கொள்கிறோம். இப்போதெல்லாம் பஞ்சர் என்றால் நாங்கள் யாருக்கும் போன் செய்வதில்லை.

புங்கமரத்தடியில் இப்போதும் வெளியூர் வண்டிகள் நிற்கின்றன. டிராக்டர் சத்தம் கேட்டால் கிளம்பிவிடுகிறார்கள், கேட்காத நேரத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள்ளிருந்து புதிதாகச் சில்லு மேலே வருகிறது. களை வெட்ட வருகிறவர்களைச் செருப்போடுதான் இறங்கச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் குடியை விடவில்லை. எங்கள் காட்டில் உட்காருவதை விட்டுவிட்டார். ஒருநாள், பழையபடி 'ங்க' போட்டே, இப்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "வேற எடம் இருக்குது" என்றார்.

"அது யாரு காடு?"

"யாரு காடா இருந்தா உனக்கென்ன?"

"எந்த எடம்னு சொல்லுங்க. அங்க உழுகறவங்களுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடறேன், பாத்து ஓட்டட்டும்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இடம் சொல்வாரென்று நின்றுகொண்டிருந்தேன்.